தீர்ந்துபோன மருந்து

பெனிசிலின் என்றதும் எல்லோரும் ஃபிளெமிங்கைச் சொல்வார்கள். எனக்கு ஆல்பர்ட் அலெக்ஸாண்டர்தான் நினைவுக்கு வருவார். 43 வயது ஆங்கிலேயப் போலீஸ்காரர். ரோஜா முள் கீறியது என்பார்கள். குண்டுவீச்சில் பட்ட காயம் என்றும் ஒரு பேச்சு உண்டு. கிருமி முகமெல்லாம் பரவிச் சீழ் வைத்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

1941 பிப்ரவரி 12 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியின் குழு தயாரித்த பெனிசிலினை அவருக்கு ஊசியில் ஏற்றினார்கள். ஒரே நாளில் ஆள் தேற ஆரம்பித்தார். ஆனால் கையிருப்பு கொஞ்சம்தான். அவருடைய சிறுநீரில் வெளியேறிய மருந்தைப் பிரித்தெடுத்து, மறுபடி அவருக்கே செலுத்தினார்கள். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்துபோச்சு. கிருமி திரும்பியது. மார்ச் 15 அன்று இறந்தார்.

மருந்து தோற்கவில்லை, போதவில்லை, அவ்வளவுதான். அதன்பின் அந்தக் குழு பெரும்பாலும் குழந்தைகளுக்கே வைத்தியம் பார்த்தது. சின்ன உடம்புக்குக் கொஞ்சம் மருந்து போதுமே!