பொன்முலாம் பூண்ட இயந்திர மனிதர்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை



பேரங்காடிகளின் பொம்மைக் கடைகளில் ஜப்பானிய இயந்திர மனிதப் பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பாகங்களை வெட்டியெடுத்து, பொருத்தி, உருவத்தை நாமே உருவாக்க வேண்டும். 'கன்டாம்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் பெயரையும் 'பிளாஸ்டிக்' என்பதையும் சேர்த்து இவற்றைக் 'கன்பிளா' என்பர். சில உருவங்கள் இரு விதமாகக் கிடைக்கும். ஒன்று சாதாரண நெகிழி; மற்றொன்று ஆடிபோல் பளபளக்கும் பூச்சுடைய சிறப்புப் பதிப்பு. பின்னதன் விலை கணிசமாகக் கூடுதல். இந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? அது பிள்ளையின் கைக்கு எதைக் கொடுக்கிறது, எதை எடுத்துக்கொள்கிறது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முந்நூறு யென் பெட்டி

'கன்டாம்' தொடர் 1979 ஏப்ரலில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. யோஷியுகி தோமினோ இயக்கினார். இயந்திரங்களைக் குனியோ ஒகவாரா வடிவமைத்தார். பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்ததால், 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. மறுஒளிபரப்பில்தான் அதன் புகழ் பெருகியது.

1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் முதல் கன்டாம் பெட்டியை 300 யென் விலையில் வெளியிட்டது. கதையில் 18 மீட்டர் உயரமுள்ள இயந்திரம், 144இல் ஒரு பங்காகச் சுருங்கி 12.5 சென்டிமீட்டர் ஆனது. (விகிதப் பாடம் நடத்துவோர் இக்கணக்கைப் பயன்படுத்தலாம்.) பாகங்களைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பெட்டியின் மேல் காணும் வண்ணங்களைத் தூரிகை கொண்டு பிள்ளைகளே தீட்ட வேண்டும். அப்படியிருந்தும் கடைகளில் கூட்டம் அலைமோதியது. 1982 ஜனவரியில் சிபா மாநிலக் கடையொன்றில், இப்பெட்டிகளை வாங்க முண்டியடித்த சிறுவர்கள் மின்படிக்கட்டில் விழுந்து காயமுற்றனர்.

இத்தொழிலின் இருப்பிடம் ஷிசுவோகா. மரவேலைக்குப் பெயர்பெற்ற வட்டாரம் அது. புகழ்பெற்ற தாமியா நிறுவனமும் அங்கே 1946இல் மர வணிகமாகத் தொடங்கியதே. மரம் செதுக்கிய ஊரே பின்னர் நெகிழி மாதிரிகளின் ஊராயிற்று.

தூரிகை விலகிய கதை

1980களின் பிற்பகுதியில் பசையின்றி அழுத்திப் பொருத்தும் முறை பரவியது. 1990இல் 'ஹை கிரேட்' என்னும் வரிசை வந்தது. ஒரே நெகிழிச் சட்டத்தில் பல வண்ணப் பாகங்களை வார்க்கும் நுட்பம் அதில் பயன்பட்டது. அதன்பின் வண்ணம் தீட்டுவது கட்டாயமன்று, விருப்பம் மட்டுமே.

ஆயினும் ஒரு வண்ணம் மட்டும் நெகிழிக்கு அடங்கவில்லை. அது பொன்னிறம்.

1985இல் வெளிவந்த 'சீட்டா கன்டாம்' தொடரில் 'ஹியாகு ஷிகி' என்னும் இயந்திரம் முழுவதும் பொன்னிறமாகத் தோன்றியது. ஹியாகு என்றால் நூறு. நூறாண்டு நிலைக்க வேண்டும் என்ற விருப்பத்தால் கதையில் அப்பெயர் இடப்பட்டது. மஞ்சள் நெகிழியில் வார்த்தால் அது மஞ்சளாகவே தெரியும். உலோகத்தின் மினுமினுப்புக்கு மேற்பரப்பில் உண்மையான உலோகப் படலம் வேண்டும்.

தொலைநோக்கியிலிருந்து பொம்மைக்கு

அதற்கான வழி முன்பே இருந்தது. பெரிய தொலைநோக்கிகளின் ஆடிகளுக்கு முற்காலத்தில் வெள்ளி பூசினார்கள். வெள்ளி விரைவில் மங்கிவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்டிராங், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிக் கண்ணாடியின்மேல் படியச் செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். 1935இல் வில்சன் மலையின் 100 அங்குல ஆடிக்கு அம்முறையில் அலுமினியம் பூசப்பட்டது. பிற்பாடு அதே முறை அமெரிக்க நெகிழிக் கார் மாதிரிகளின் பளபளக்கும் முன்தடுப்புகளுக்கும் சக்கர மூடிகளுக்கும் பயன்பட்டது.

செய்முறை இதுதான். நெகிழிப் பாகத்தின்மேல் முதலில் வழவழப்பான அடிப்பூச்சு. பின்னர் வெற்றிட அறையில் மிக மெல்லிய அலுமினியப் படலம். அதன்மேல் பாதுகாப்புப் பூச்சு. அந்த மேற்பூச்சு நிறமற்றிருந்தால் வெள்ளிபோல் தோன்றும்; மஞ்சள் சாயம் கலந்திருந்தால் பொன்போல் தோன்றும். அதாவது, நாம் காணும் 'பொன்' அலுமினியமும் மஞ்சள் அரக்கும் சேர்ந்ததே. அறிவியல் வகுப்பில் ஒளி எதிரொளிப்பைக் கற்பிக்கும்போது இதைக் காட்டினால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

2001இல் ஹியாகு ஷிகி 'மாஸ்டர் கிரேட்' வரிசையில் பொன்முலாமுடன் வந்தது. 2004-2005இல் ஒளிபரப்பான 'கன்டாம் சீட் டெஸ்டினி' தொடரின் 'அகாட்சுகி'க்கும் பொன்முலாம் பெட்டிகள் வந்தன. கதையில் அதன் பொற்கவசம் பகைவரின் கதிர்களைத் திருப்பியனுப்பும் ஆடி. எனவே அங்குப் பளபளப்பு வெறும் அலங்காரமன்று. கதையின் ஒரு பகுதி. நாளடைவில், கதையில் பொன்னிறமே இல்லாத இயந்திரங்களுக்கும் 'எக்ஸ்ட்ரா ஃபினிஷ்', 'டைட்டானியம் ஃபினிஷ்', 'ஸ்பெஷல் கோட்டிங்' என்று பல பதிப்புகள் வந்தன. பெயரில் டைட்டானியம் இருப்பினும் உள்ளே இருப்பது நெகிழிதான். இவற்றுள் பல இணைய முன்பதிவிலும், 2017இல் தோக்கியோவில் திறக்கப்பட்ட 'கன்டாம் பேஸ்' போன்ற சிறப்புக் கடைகளிலும் மட்டுமே விற்கப்படுபவை.

காம்பு விட்டுச்செல்லும் தழும்பு

இனி, பெற்றோர் அறிய வேண்டிய செய்தி. பாகங்கள் காய்கள்போல் சிறு காம்புகளால் நெகிழிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தோடு சேர்த்தே பூச்சு பூசுகிறார்கள். எனவே காம்பை வெட்டிய இடத்தில் முலாம் இல்லாத சிறு புள்ளி தெரியும். சாதாரணப் பெட்டியில் அதை உப்புத்தாளால் தேய்த்து மறைக்கலாம். முலாம் பூசியதைத் தேய்த்தால் தழும்பு பெரிதாகும். இதனால்தான் பல பூச்சுப் பதிப்புகளில் காம்பு, பொருத்தியபின் வெளியே தெரியாத பக்கத்தில் அமையுமாறு அச்சைச் செய்தார்கள். அங்கும் இரண்டு முறை கவனமாக வெட்ட வேண்டும். பூச்சின் தடிப்பால் இணைப்புகள் இறுகும். தவறாகப் பொருத்தியதைப் பிரிப்பதும் கடினம்.

வியப்பு என்னவெனில், கைதேர்ந்த ஆர்வலர் சிலர் விலைகொடுத்து வாங்கிய முலாமை நீக்கிவிட்டுத் தாங்களே வண்ணம் தீட்டுகிறார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலை படிப்படியாக எடுத்துக்கொண்ட வேலையை அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள். 1980இன் சிறுவனுக்குத் தூரிகை ஒரு சுமை. இவர்களுக்கு அதுவே இன்பம்.

நாம் கருத வேண்டியது

பூச்சுப் பதிப்பு தீயதென்று நான் கூறவில்லை. அதன் அழகு உண்மையானது. அதன் பின்னுள்ள அறிவியலும் பெருமைக்குரியது. ஆனால் அது பிழையை மன்னிக்காத பொருள். ஒரு வெட்டுத் தவறினால் விலையுயர்ந்த பாகம் கெட்டுவிடும். பிள்ளை அழும், அல்லது, இன்னும் வருந்தத்தக்கதாக, கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சித் தொடாமலே வைத்துவிடும். சில வீடுகளில் தந்தையே பொருத்தி முடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நாம் பேனாவைக் கொடுப்பதில்லை. பென்சிலையும் அழிப்பானையும் கொடுக்கிறோம். அழித்து அழித்து எழுதித்தான் கை உறுதிப்படுகிறது. சாதாரணப் பெட்டி பென்சில் போன்றது; முலாம் பூசியது பேனா போன்றது. ஆகவே முதலில் மலிவான சிறு பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். வெட்டட்டும், தேய்க்கட்டும், தவறட்டும். கை பழகியபின் பொன்னிறப் பெட்டியைக் கேட்டால், அப்போது தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.