களி: பதத்தின் பெயர்

ஆங்கிலத்தில் மென்மையையும் தொய்வையும் குறிக்கும் சொற்கள் பலவற்றில் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'மஷ்' என்பது குழைந்த உணவு. அதிலிருந்து வந்த 'மஷி' அழுமூஞ்சிக் கதைகளுக்கும் பெயராயிற்று. பழச்சதையைக் குறித்த 'பல்ப்', மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான கதைகளை இளக்காரமாகச் சுட்டியது. பழைய ஆங்கிலத்தில் இதமானது, அமைதியானது என்று பொருள்பட்ட 'சாஃப்ட்' பின்னாளில் அசட்டுத்தனத்துக்கும் ஆனது. இவற்றை வைத்துக் குழைவுச் சொல் என்றாலே இழிவுப் பக்கம்தான் சரியும் என்று முடிவு கட்டிவிடலாம். களி என்ற தமிழ்ச்சொல் அந்த முடிவுக்கு இடம் கொடுக்கவில்லை. அது சொல்வது பொருளின் பதத்தை மட்டுமே. ஏற்றமும் இறக்கமும் அது பரிமாறப்படும் இடத்தால் வருபவை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வேப்பனப்பள்ளி போன்ற எல்லை ஊர்களில் ராகி உணவு ஒன்றுக்கு மூன்று மொழிகளிலும் பெயர் உண்டு: தமிழில் களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கடி. முத்தெ என்றால் உருண்டை, திரளை. அது வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். களி, பதத்தைப் பார்த்து வைத்தது. கொதிக்கும் நீரில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி செய்து, வேகவிட்டு, கட்டி தட்டாமல் அழுத்திக் கிண்ட வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. நீர் கூடினால் அது கூழ், குடிப்பதற்கு. களி உருட்டினால் நிற்கும், கிள்ளினால் விட்டுக்கொடுக்கும், குழம்பில் தோய்த்தால் மெல்லாமலே இறங்கும். களிமண்ணும் அப்படித்தான்: பிசைந்தால் இசையும், வனைந்த வடிவில் நிற்கும். தட்டில் இருப்பதற்கும் சக்கரத்தில் சுழல்வதற்கும் ஒரே பெயர் பொருந்தக் காரணம் இந்தப் பதம்தான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, களி என்றால் மகிழ்ச்சியும் அல்லவா என்பது. களிப்பு, களியாட்டம் என்பவை கண்முன் இருக்கின்றன. ஆனால் மகிழ்ச்சியிலிருந்து மண்ணுக்கோ மாவுக்கோ வர வழியில்லை. ஒலி ஒன்றானதால் மட்டும் சொற்கள் உறவாகிவிடா. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் களியைப் பல தனித் தலைப்புகளாகவே பிரித்து வைக்கிறது. இதே எச்சரிக்கை நமக்குச் சாதகமான சான்றுக்கும் வேண்டும். நன்றாகப் பழுத்துக் குழைந்த பழத்தைக் கன்னடத்தில் 'களித ஹண்ணு' என்பார்கள். மாங்கூழ் ஆலைகள் நிறைந்த மாவட்டத்தில் இந்தச் சொல்லைக் களியோடு முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பு. ஆனால் தமிழ் ழகரம் கன்னடத்தில் ளகரமாவது வழக்கம். பருவம் கழிந்த பழம் என்றும் அது பொருள்படலாம். இரு பக்கமும் பேசும் சாட்சியை விட்டுவிடுவோம்; களிமண் ஒன்றே போதும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது: 'களி தின்னப் போகிறாயா' என்றால் சிறைக்குப் போகிறாயா என்றுதானே பொருள்? ஆம், ஆனால் அந்த இழிவைத் தந்தது சிறைச்சாலை. களியின் குழைவு அன்று. வசை குழைவில் இருந்தால், மார்கழித் திருவாதிரையில் நடராசருக்குக் களி படைக்க மாட்டார்கள். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் நமுத்த அப்பளம், துவண்ட கீரை, தொய்ந்த கயிற்றுக் கட்டில் ஆகியவை குறைகள்தானே என்று கேட்கலாம். குறைகள்தான், அப்பளம் நொறுங்க வேண்டும், கட்டில் தாங்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதால். விருந்தில் குழைந்த சோறு சமையல்காரருக்குக் கெட்ட பெயர். பச்சைக் குழந்தைக்கு அதையே இன்னும் குழைத்து ஊட்டுகிறோம். பாட்டில் குழைவு என்பது புகழுரை, பெரிய இடத்தில் குழைவது இகழ்ச்சி. ஒரே வினை இப்படி இரு திசையிலும் போகிறது என்றால், திசை சொல்லுக்குள் இல்லை. எனவே குழைவுச் சொற்களை ஆராய்பவர் வசை, வாழ்த்து என்று இரு கட்டாகப் பிரித்து அடுக்குவதை விட, எந்தப் பொருளிடம் எந்தப் பதம் எதிர்பார்க்கப்பட்டது என்று கேட்டுக் குறித்துவைப்பதே பயன் தரும்.