பிரான்சின் கோட்டைகளும் ஈழத்துக் கோட்டைகளும்

ஒரு நாட்டின் வரலாறு ஏடுகளில் மாத்திரம் எழுதப்படுவதன்று, கல்லிலும் எழுதப்படுவது. ஏட்டை எழுதுவோன் தனக்கு ஒவ்வாததை விட்டுவிடுதல் கூடும். கல்லை அடுக்குவோனோ, தன்னையறியாமலே பிற்காலத்தார்க்குச் சான்று வைத்துப் போகின்றான். இவ்வுண்மையை விளக்குதற்குக் கோட்டைகளிலும் தக்க பொருள் பிறிதில்லை. கோட்டை கட்டியவனின் வலிமையைக் காட்டுவதற்கென்றே எழுந்தது. ஆயினும், காலஞ் செல்லச் செல்ல அது கட்டியவன் மறைக்க எண்ணியவற்றையும் காட்டத் தொடங்கிவிடுகின்றது.

கோட்டைகளைக் காண்பதற்கென்றே உலகின் பல பாகத்தவரும் செல்லும் நாடு பிரான்சு. அங்கே லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கிற் பயணஞ் செய்வோர், வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் இடையே கோட்டைகளும் அரண்மனைகளும் அடுத்தடுத்து நிற்பதைக் காண்பர். சினோன் என்னும் கோட்டை உயர்ந்த பாறைமேல் நிற்பது. 1429ஆம் ஆண்டில் ஜோன் ஒவ் ஆர்க் என்ற இளம்பெண் ஏழாம் சார்ள்ஸைக் கண்டு, தன் படைக்கு அனுமதி வேண்டிய இடம் அதுவே. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், 1519இல், முதலாம் பிரான்சிஸ் மன்னன் தொடங்கிய ஷம்போர் அரண்மனையிலோ போர்க்கோலம் அலங்காரமாக மாறிவிட்டது. கோபுரங்கள் உள, ஆயின் அவை பகைவரை அஞ்சி எழுந்தவையல்ல. ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல நிற்கும் ஷெனோன்சோவில் நீரே அழகுக்கு அமைந்த ஆடி. பீரங்கி தோன்றியதும் உயர்ந்த மதில்கள் பயனற்றுப் போயின. பிரபுக்களின் அரண்கள் மாளிகைகளாயின. இம்மாற்றத்தை ஒரே ஆற்றங்கரையிற் படிப்படியாகக் கண்டறியலாம்.

இக்கட்டடங்கள் இன்று நிற்பது தற்செயலன்று. 1626இல் பதின்மூன்றாம் லூயியின் அரசு, எல்லைக் காவலுக்கு வேண்டாத உள்நாட்டு அரண்களை இடிக்குமாறு ஆணை பிறப்பித்தது. 1789இற் புரட்சி வெடித்தபொழுது பாரிஸ் மக்கள் பஸ்தீல் சிறைக்கோட்டையைக் கைப்பற்றினர். சின்னாளில் அது தரைமட்டமாயிற்று. நாட்டுப்புறத்திலும் பல கோட்டைகள் சூறையாடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வரி கொடுத்தும் கூலியின்றி உழைத்தும் நைந்த குடியானவனுக்கு, அம்மதில் அடிமைத்தனத்தின் உருவமாகவே தோன்றியது. அவனைக் குறை கூற யாரால் இயலும்?

எனினும், அதே நாடு 1830இல் வரலாற்றுச் சின்னங்களுக்கென ஒரு மேற்பார்வையாளர் பதவியை ஏற்படுத்தியது. 1834இல் அப்பதவியை ஏற்ற எழுத்தாளர் மெரிமே நாடெங்குஞ் சுற்றி அழிவின் விளிம்பில் நின்றவற்றைப் பட்டியலிட்டார். பிரபுக்களை வீழ்த்திய மக்களே பிரபுக்களின் வீடுகளைக் காத்தனர். வென்றவனின் பெருமைக்காக அன்று, தாம் கடந்து வந்த வழியை மறவாதிருத்தற் பொருட்டே அவற்றைக் காத்தனர் எனல் பொருந்தும். 2000ஆம் ஆண்டில் லுவார்ப் பள்ளத்தாக்கு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

இனி, ஈழநாட்டை நோக்குவோம். இங்குக் கடலோரத்திலுள்ள கோட்டைகள் பிரான்சிற் போல உள்நாட்டுப் பிரபுக்கள் வாழ்வதற்கு எழுந்தவையல்ல. கறுவாவுக்கும் முத்துக்கும் யானைக்கும் கடல் கடந்து வந்தோர், வாணிகத்தைக் காக்கவும் துறைமுகங்களை அடைக்கவும் கட்டியவை. மன்னாரில் 1560இலும் மட்டக்களப்பில் 1628இலும் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்தனர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்நடுவில் நிற்பது மற்றொன்று. ஒல்லாந்தர் அதற்கு அம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இத்தீவு பன்றித்தொடை போன்ற வடிவினது என்றும், இக்கோட்டை அதன் குதிக்கால் என்றும் அவர் கருதினர். இறைச்சித் துண்டாகவே இந்நாட்டை நோக்கியவரின் உள்ளத்தை அப்பெயர் ஒன்றே காட்டிவிடுகின்றதன்றோ?

கொழும்பில் வாழ்வோர் ‘கோட்டை’ என்ற சொல்லை நாள்தோறும் வழங்குகின்றனர். வெள்ளவத்தையிற் புகையிரதம் ஏறுவோர் கோட்டைக்குப் பயணச்சீட்டு வாங்குவர். ஆயின், இறங்கும் நிலையமோ புறக்கோட்டையில் உள்ளது. கோட்டை மதிலோ எங்கும் புலப்படுவதில்லை. போர்த்துக்கேயர் கட்டிய கொழும்புக் கோட்டையை ஏழு மாத முற்றுகையின் பின் 1656 மே மாதத்தில் ஒல்லாந்தர் கைப்பற்றித் திருத்தியமைத்தனர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869 முதல் 1871 வரை அவர்கள் மதில்களை இடித்து, அகழிகளைத் தூர்த்து, வாணிகத்துக்கு இடம் வகுத்தனர். எஞ்சியவை சிற்சில துண்டுகளே. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள வுல்பெண்டால் தேவாலயத்திற்குச் செல்வோர், கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இற் கொண்டுவரப்பட்ட ஒல்லாந்தர் கல்லறைக் கற்களைக் காணலாம். ஊர்ப்பெயரும் கல்லறையும் தப்பின, கோட்டை தப்பவில்லை.

இடிக்கப்படாத கோட்டை எத்தகைய சான்று தரும் என்பதற்குத் திருகோணமலை தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1622இற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை அழித்து, 1624 அளவில் அதன் கற்களைக் கொண்டே அங்குக் கோட்டை கட்டினர். பின்னர் அது பல கைகள் மாறியது. 1782இல் முதலில் ஆங்கிலேயரும், சில மாதங்களின் பின் சஃப்ரன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவனும் அதனைக் கைப்பற்றினர். உலகெங்குங் கடலாதிக்கத்துக்குப் போராடிய அரசுகளுக்கு அஃது ஓர் ஆட்டக்காய். ஆயின் கோட்டை வாயிலின் நிலைக்கல்லிற் கயல் உருவமும் தமிழ் எழுத்துகளும் இன்றும் உள. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்னும் பொருள்பட அறிஞர் அதனை வாசித்துள்ளனர். கோயிலை இடித்தவன், தன் செயலுக்கு எதிரான சாட்சியைத் தன் வாயிலிலேயே நிறுத்திவிட்டான்! ஆலயம் மீள எழுந்து 1963இற் குடமுழுக்குக் கண்டது. அங்குச் செல்லும் அடியார் யாவரும் அவ்வாயிலைக் கடந்தே செல்கின்றனர். கொழும்பைப் போல அக்கோட்டையும் இடிக்கப்பட்டிருப்பின், அக்கல் எந்த வீதியின் அடியிற் சல்லியாகக் கிடக்குமோ!

யாழ்ப்பாணக் கோட்டையின் கதை இதனினும் துயரமானது. போர்த்துக்கேயர் கட்டிய நாற்கோணக் கோட்டையை 1658இற் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனை ஐங்கோணமாக மாற்றியமைத்தனர். புற அரண்கள் 1792இல் நிறைவெய்தின. பிரான்சின் எல்லைகளில் வோபான் என்ற பொறியியலாளர் நட்சத்திர வடிவக் கோட்டைகளை அமைத்த காலமும், இங்கே ஐந்து கொத்தளங்கள் எழுந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. திட்டம் ஐரோப்பாவினது, கல் யாழ்ப்பாணக் கடலின் முருகைக்கல். அதனைச் சுமந்தவரும் இம்மண்ணின் மக்களே. அவர் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

இருநூறு ஆண்டுகளாகப் பெரும்போர் எதனையுங் காணாதிருந்த அக்கோட்டை, உள்நாட்டுப் போரில் மீண்டும் போர்க்களமாயிற்று. 1990இற் கோட்டையுள் இருந்த இராணுவத்தினரை விடுதலைப் புலிகள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டு, செப்டெம்பரிற் கோட்டையைக் கைக்கொண்டனர். 1706ஆம் ஆண்டினதாகிய சிலுவை வடிவத் தேவாலயம் இடிந்து கற்குவியலாயிற்று. போர் முடிந்தபின் நெதர்லாந்தின் உதவியுடன் புனரமைப்புத் தொடங்கியது. அதனையடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் நிகழ்த்திய அகழ்வுகளில், ஐரோப்பியர் வருகைக்குப் பன்னூற்றாண்டுகள் முற்பட்ட மட்பாண்டங்களும் சீனக் கலங்களும் வெளிப்பட்டன. முன்னரே அக்கோட்டையிற் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருந்தது. எனவே, ஒல்லாந்தர் கோட்டை எனப்படும் அவ்விடம், உண்மையில் ஒரு பழந் துறைமுகத்தின் மேல் வைத்த மூடியாகும். மூடி உடையாதிருந்தமையாலன்றோ உள்ளிருந்தது தப்பியது?

‘அந்நியன் கட்டிய அடிமைச் சின்னத்தை ஏன் பேண வேண்டும்?’ என்று வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. கோயிற் கல்லைப் பறிகொடுத்தவனுக்கு மதிலின் அழகு எளிதிற் புலப்படாது. ஆயினும், அடையாளத்தை அழிப்பதனால் இழப்பு ஈடாகாது. இழந்தோம் என்பதற்கிருந்த ஆதாரமும் உடன் போய்விடும். இதற்குக் காலியிற் கிடைத்த ஒரு கல்லே போதிய விளக்கம். சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தின்போது வழங்கிய காணிக்கைகளைச் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் கூறும் அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டினது. அதன் தமிழ்ப்பகுதி தேவேந்திரமுனையின் தென்னாவரை நாயனாரைப் போற்றுகின்றது. அத்துணை அரிய கல், 1911இற் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு வடிகாலை மூடும் பலகையாகப் பயன்பட்டிருந்தது! இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. காப்பாரின்றேல் கல்லுக்கும் இதுவே கதி.

ஆதலின், கோட்டையைக் காணச் செல்லும் மாணவன் மதிலின் உயரத்தையும் பீரங்கியின் நீளத்தையும் கண்டு வியப்பதோடு அமையலாகாது. இக்கல் எங்கிருந்து வந்தது, இதனைச் சுமந்தவர் யாவர், இதன் அடியில் முன்னர் இருந்தது யாது என்ற மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். லுவார் ஆற்றங்கரைக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோர்க்குங் கிட்டாது. கொழும்பு நூதனசாலைக்கோ வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஒரு பிற்பகலிற் போய்வரலாம். திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு விடுமுறை போதும். பிரெஞ்சு மக்கள் தம் பகைவரின் கோட்டைகளைத் தம் பிள்ளைகளின் பாடநூலாக்கினர். ஈழத்தின் கடலோரத்திலும் அத்தகைய பாடநூல் விரிந்து கிடக்கின்றது. அதன் சில ஏடுகள் ஏற்கெனவே கிழிந்தன. எஞ்சியவற்றையேனும் கற்றுக் காத்தல் கற்றோர் கடனாகும்.