தோட்ட வருவாயும் இருநாட்டு வரியுரிமையும்

கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் உழைத்தோருள் தமிழர் பலர். மலைக்கு மேற்கே ஈப்போவிலோ தமிழர் சிலர் ரப்பர்த் தோட்ட உடைமையாளராகவும் விளங்கினர். மலேசிய மண்ணில் விளைந்து இந்தியாவில் வாழ்வோரைச் சேரும் வருவாய்க்கு வரி கேட்கும் உரிமை எந்நாட்டுக்குரியது?

ஈப்போவில் தோட்டம் வைத்திருந்த பி.வி.ஏ.எல். குலந்தகன் செட்டியார் வழக்கில் இவ்வினா எழுந்தது. தோட்ட வருவாய்க்கும் அங்குள்ள சொத்தினை விற்ற ஆதாயத்துக்கும் இந்திய வருமான வரித்துறை வரி கோரியது. 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. இருநாட்டு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின்படி, அத்தொழிலுக்கு இந்தியாவில் நிரந்தர நிலையம் இல்லை. சொத்து அமைந்த நாட்டுக்கே வருவாயோடு நெருங்கிய தொடர்பு உண்டு என்பது அதன் துணிபு. எனினும் 2008இல் இந்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அயல்நாட்டில் ‘வரி விதிக்கப்படலாம்’ என ஒப்பந்தம் குறிக்கும் வருவாயை இந்தியக் கணக்கிலும் சேர்த்து, ஒப்பந்த முறைப்படி வரி நிவாரணம் வழங்க வேண்டும் என்று அது விளக்கியது.

எல்லை கடந்த வானூர்திக் குத்தகை வழக்குகளிலும் இவ்வினாவே மீள்கின்றது. வானூர்தி நாடுவிட்டு நாடு செல்வது. தோட்டமோ மண்ணை விட்டு அகலாதது. உழைப்பு நிகழ்ந்த மண்ணின் உரிமையை முன்னிறுத்தியதே 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சிறப்பு எனக் கருதுகிறோம்.