ஒரு ஃபங்ஷனும் அதன் வாக்குறுதிகளும்

"2+3*4" என்று எழுத்தில் கொடுத்தால் 14 என்று விடை சொல்லும் சி நூலகங்கள் எத்தனையோ உண்டு. கூட்டல், பெருக்கலெல்லாம் சுலபம். "எங்க ஆபீஸ் வட்டிக் கணக்கையும் இதுல ஒரு ஃபங்ஷனா சேர்க்கணுமே" என்று யாராவது கேட்கும்போதுதான் கதை ஆரம்பிக்கிறது.

பிரையன் கெர்னிஹனும் ராப் பைக்கும் 1984-இல் எழுதிய யூனிக்ஸ் புத்தகத்தில் 'ஹாக்' என்றொரு குட்டி கால்குலேட்டர் ஆறு கட்டங்களாக வளர்கிறது. சைன், லாக் எல்லாம் அதில் ஒரு அட்டவணை: ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் ஃபங்ஷன் பாயிண்டர். புதிதாக ஒன்று வேண்டுமா? ஒரு வரி சேர்த்து மறுபடி கம்பைல் செய்தால் போதும்.

ஆனால் அங்கே ஒரு டபுள் உள்ளே போகும், ஒரு டபுள் வெளியே வரும், அவ்வளவுதான். மைனஸ் நாலுக்கு வர்க்கமூலம் கேட்டால் பிழையை எந்த வழியில் சொல்வது? அதனால் அட்டவணையில் கணித நூலகத்தின் ஃபங்ஷனை நேரடியாக வைக்காமல், அதை அழைத்துவிட்டு 'எர்நோ'வைச் சரிபார்க்கும் இன்னொரு ஃபங்ஷனை வைத்தார்கள்.

ரிச்சர்ட் ஹிப் 2000-இல் தொடங்கிய எஸ்க்யூலைட் இதற்குத் தனி வழியே போட்டுக் கொடுத்தது. 2004-இல் வந்த மூன்றாம் பதிப்பில், பெயரோடு எத்தனை ஆர்க்யுமெண்ட் என்பதையும் பதிய வேண்டும் (எத்தனை வேண்டுமானாலும் என்றால் -1). விடையைச் சொல்ல ஒரு அழைப்பு, பிழையைச் சொல்ல வேறொரு அழைப்பு.

அதோடு முடிந்ததா? இல்லை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடைதான் என்று உறுதி சொல்லும் கொடி 2014-இல் வந்தது. அதை நம்பி எஸ்க்யூலைட் தேவையற்ற அழைப்புகளைத் தவிர்க்கிறது. 2015 முதல் அத்தகைய ஃபங்ஷனை வைத்து இண்டெக்ஸும் கட்டலாம். பொய்யாக உறுதி கொடுத்தால் இண்டெக்ஸே தப்பாகிவிடும்.

2019-இல் வந்த கொடி பாதுகாப்புக்கானது. நீங்கள் சேர்த்த ஃபங்ஷன் கோப்பை அழிக்கக் கூடியது என்று வையுங்கள். யாரோ அனுப்பிய டேட்டாபேஸ் கோப்பில் டேபிள் போலத் தெரியும் ஒரு வியூவுக்குள் அதன் பெயர் ஒளிந்திருக்கலாம். நீங்கள் சாதாரணமாக ஒரு செலக்ட் போடுவீர்கள், கோப்பு காலி! கொடி இருந்தால் வியூ, ட்ரிக்கர் வழியாக அந்த ஃபங்ஷனை அழைக்க முடியாது.

ஆக, அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. எத்தனை ஆர்க்யுமெண்ட், பிழை எப்படி வெளியே வரும், விடை மாறுமா, யார் அழைக்கலாம் என்ற நாலு கேள்விக்கும் பதில் எழுதிய பிறகே அந்த வரியைச் சேருங்கள்.