பதில் போடாத கடிதம்

இருபது வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய தொடர்கதையொன்றில், கடைசி அத்தியாயத்தில் கதாநாயகியைச் சாகவிட்டேன். அவளாகத் தேடிக்கொண்ட சாவு. நிலவு, தூரத்து நாதஸ்வரம் எல்லாம் சேர்த்து வெகு அழகாக எழுதியிருந்தேன். பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஒன்று மட்டும் வேறு மாதிரி. "என் பெண் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு தாயார் எழுதியிருந்தார். கதை வேறு, வாழ்க்கை வேறு என்று எண்ணி நான் பதில் போடவில்லை.

அவ்வளவு வேறல்ல என்பதற்குச் சரித்திரம் சாட்சி சொல்கிறது.

1774-ல் ஜெர்மன் கவி கதே, தமது 25-வது வயதில், 'இளம் வெர்தரின் துயரங்கள்' என்ற நாவலை வெளியிட்டார். காதலில் தோற்ற வெர்தர் முடிவில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். வாலிபர்கள் அவனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் அணியத் தொடங்கினார்கள். உடையோடு நிற்காமல் சாவிலும் அவனைப் பின்பற்றுவார்களோ என்ற அச்சம் பரவியது. 1775-ல் லைப்சிக் நகரம் புத்தகத்தையும் அந்த உடையையும் சேர்த்தே தடை செய்தது. வெர்தரைப் பின்தொடர வேண்டாம் என்ற பொருளில் கதேயே அவ்வாண்டுப் பதிப்பில் சில வரிகளைச் சேர்த்தார்.

அச்சம் சரிதானா? இருநூறு ஆண்டுகள் கழித்து, 1974-ல், டேவிட் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் கணக்குப் பார்த்தார். 1947 முதல் 1968 வரை, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்த பிறகு, அத்தகைய சாவுகள் எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தன. செய்திக்கு எவ்வளவு விளம்பரமோ, அவ்வளவுக்கு எண்ணிக்கையும் ஏறியது. இதற்கு அவர் 'வெர்தர் விளைவு' என்று பெயரிட்டார்.

ஏறுவது இறங்காதா என்ன? வியன்னாவைப் பாருங்கள். அங்கே 1978-ல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. 1980-களின் நடுவில் அந்த நிலையங்களில் உயிரை விடுவோர் தொகை பெருகிற்று. பத்திரிகைகளும் ஒவ்வொன்றையும் பரபரப்பாகப் பிரசுரித்தன. 1987-ன் நடுவில் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கத்தார் பத்திரிகையாளர்களுக்குச் சில யோசனைகள் சொன்னார்கள்: முறையை விவரிக்காதீர்கள், முதல் பக்கத்தில் போடாதீர்கள், ஒரே காரணத்தில் ஒரு சாவை அடக்காதீர்கள். பத்திரிகைகள் இணங்கின. அவ்வாண்டின் பிற்பாதியில் சுரங்க ரயில் சாவுகள் சுமார் 75 சதவீதம் குறைந்தன. சட்டமில்லை, தடையுமில்லை, ஆசிரியர்களின் பேனா சற்றே அடங்கியது, அவ்வளவுதான்.

அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அதே வியன்னாவில் 1791-ல் அரங்கேறியது மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்'. அதில் பாபகேனோ என்ற பறவை பிடிப்பவன் சாகத் துணிகிறான், மூன்று சிறுவர்கள் அவனிடமுள்ள மந்திர மணிகளை நினைவூட்டுகிறார்கள், அவன் பிழைக்கிறான். துயரத்தைக் கடந்து வந்தவர்களின் கதை படிப்போரைக் காக்கக்கூடும் என்று 2010-ல் வியன்னா ஆராய்ச்சியாளர்கள் கண்டபோது, அதற்கு அவன் பெயரையே வைத்தார்கள்.

அந்தத் தாயாரின் முகவரி தொலைந்துவிட்டது. ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்: அம்மா, தாங்கள் பயந்தது சரி. பெண்ணிடம் பேசுங்கள், என்ன வேதனை என்று நேராகவே கேளுங்கள். 14416 என்ற அரசாங்கத் தொலைபேசியில் தமிழிலேயே துணை கிடைக்கும். அந்த அத்தியாயத்தை இன்று எழுதினால், கதவைத் தட்ட ஒருத்தியை அனுப்பியிருப்பேன்.