கிணற்றிலும் கடலிலும் ஓடும் கடிகாரம்

கைக்கடிகாரத்தின் பின்மூடியில் '30 மீட்டர்' என்று பொறித்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 30 மீட்டர் ஆழம் வரை அதைக் கட்டிக்கொண்டு மூழ்கலாம் என்று அதற்குப் பொருளா? இல்லை. கைகழுவும்போதும் மழையிலும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதே அதன் பொருள். அசையாத நீரில், புதிய நிலையில், அந்த வகையின் சில மாதிரிகளை மட்டும் சோதித்து இடும் எண் அது. உண்மையிலேயே மூழ்குவதற்கென்று செய்யப்பட்ட கடிகாரம் வேறு இனம். அதன் வரலாற்றில் பௌதிகம் படிப்பவர்களுக்கு விருந்து உண்டு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதாவது சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் எடை. 3 செ.மீ. விட்டமுள்ள கடிகாரக் கண்ணாடியின் பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் கண்ணாடியின் மேல் 7 கிலோ, 200 மீட்டரில் 140 கிலோ. இரண்டு ஆட்கள் அந்தச் சிறு வட்டத்தின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம்!

அன்னூர், அவிநாசிப் பக்கம் கவலை இறைத்த காலத்துக் கிணறுகளில், மேட்டிலிருந்து குதித்து நீந்தக் கற்றவர்கள் ஏராளம். (இன்று ஆழ்குழாய்க் கிணறுகளால் பல கிணறுகள் வற்றிக் கிடக்கின்றன என்பது வேறு கதை.) 10 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். அந்த வேகத்துக்குரிய அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சரியாக இருக்கும். விழுந்த உயரமே ஆழமாகிவிடுகிறது! கை தட்டையாக நீரில் அடித்தால் கணநேரம் இதைவிடக் கூடுதலாகவும் தாக்கும். ஆனால் நீந்தும்போது கை வீசுவதால் அழுத்தம் பல மடங்கு ஏறும் என்று சிலர் சொல்வது மிகை. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கை வீசினாலும் அது அரை மீட்டர் ஆழத்துக்குக்கூட ஈடாகாது.

உண்மையான பகைவன் வெப்பம். வெயிலில் 40 பாகை செல்சியஸ் சூடேறிய கடிகாரம் 25 பாகைக் கிணற்று நீருக்குள் போனால், உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து அதன் அழுத்தம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் ஆழமே தேவையில்லை. கடிகாரம் தானாகவே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

தூத்துக்குடியில் முத்தும் சங்கும் குளித்தவர்களுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. கல்லைப் பற்றி இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். நுரையீரலே அவர்களுடைய கடிகாரம். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் காற்றுக் குடுவையுடன் நீந்தும் கருவியை அமைத்த பிறகுதான் நிலைமை மாறிற்று. இப்போது மனிதன் நீருக்கடியில் நெடுநேரம் இருக்கலாம். ஆனால் காற்று எப்போது தீரும் என்று தெரிய வேண்டும். அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகாமல் இருக்க, நேரம் பார்த்து மெல்ல ஏறவும் வேண்டும். இதற்கான அட்டவணையை 1908இல் வெளியிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அந்த ஆய்வுகளின்போது சிறுவனாகக் கடலில் இறங்கிய அவர் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர்.

நீர் புகாத கடிகாரம் அதற்கு முன்பே இருந்தது. 1926இல் ரோலெக்ஸ் நிறுவனம் 'ஆய்ஸ்டர்' கடிகாரத்தை வெளியிட்டது. பின்மூடியும் சாவிக் குமிழும் திருகாணிபோல் முடுக்கப்படுபவை. மறு ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண்மணி அதைக் கழுத்தில் அணிந்து ஆங்கிலக் கால்வாயில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். குளிரால் அவர் நீச்சலை முடிக்க முடியவில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. 1953இல் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்போருக்காகப் பிளாங்பான் நிறுவனம் செய்த கடிகாரத்தில் நேரங்குறிக்கும் சுழல் வளையமும் சேர்ந்தது. இவையெல்லாம் விலை மிகுந்தவை. துல்லியமாகக் கடைந்த உலோகத்துக்குக் கொடுக்கும் விலை அது.

அவ்வளவு துல்லியம் இல்லாமல் செய்ய முடியுமா? என் மனத்துக்கு மிகவும் பிடித்த விடை, சோவியத் நாட்டில் காமா ஆற்றங்கரைச் சிஸ்டோபோல் நகரின் 'வஸ்தோக்' ஆலையில் 1967இல் பிறந்த 'அம்ஃபிபியா'. அங்கே பின்மூடியைத் திருகுவதில்லை. தடித்த ரப்பர் வளையத்தின் மேல் மூடியைச் சும்மா வைத்து, வேறொரு வளையத்தால் பிடித்துவைக்கிறார்கள். ஆழம் கூடக் கூட நீரே மூடியை அழுத்த, ரப்பர் மேலும் இறுகுகிறது. கண்ணாடியும் தடித்த அக்ரிலிக். அழுத்தத்தில் சற்று வளைந்து தன் விளிம்பை இன்னும் இறுக்கமாகப் பொருத்திக்கொள்கிறது. தாக்க வரும் நீரையே காவலுக்கு அமர்த்திய இந்த எளிய உபாயத்தால் 200 மீட்டர் ஆழம் சாத்தியமாயிற்று. விலையும் குறைந்தது. இதன் சாவிக் குமிழைத் திருகி விடுவித்தால் ஆடும். வாங்கியவர்கள் பழுது என்று பதறுவார்கள். குமிழில் அடிபட்டால் உள் அச்சு வளையாதிருக்க வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். ஜப்பானில் செய்கோ 1965இலேயே 150 மீட்டர் கடிகாரத்தை வெளியிட்டிருந்தது.

நம் நாட்டில் எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் கடிகார ஆலை அமைத்தது ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு. அதே சிட்டிசன் 1959இல் 'பாராவாட்டர்' என்ற நீர் தாங்கும் கடிகாரத்தை வெளியிட்டு, பின்னர் மிதவைகளில் கட்டிப் பசிபிக் கடலில் விட்டுச் சோதித்த நிறுவனம். ஆனால் நமக்கு அன்று வேண்டியிருந்தது முக்குளிக்கும் கடிகாரமன்று. ஆசிரியரும் எழுத்தரும் கட்டும் விலையில் நேரம் காட்டும் கடிகாரம். 17 கற்கள் கொண்ட 'ஜனதா' அதை நிறைவேற்றியது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தில் குமிழின் ரப்பர் விரைவில் தேயும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தானே முறுக்கேறும் கடிகாரம் நீருக்கு ஏற்றதாவது இதனாலும்தான். 1984இல் தோன்றி ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் முதலிய நிறுவனங்களின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்த பிறகு எச்.எம்.டி. தளர்ந்தது. 2016இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது.

இன்று குறைந்த விலையில் இவ்வகைக் கடிகாரம் வாங்குவோர் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 6425 என்ற சர்வதேசத் தரக்குறியீடு உள்ளதா என்று பார்க்கலாம். அதன்படி ஒவ்வொரு கடிகாரமும், குறித்த ஆழத்தைவிட 25 விழுக்காடு மிகுந்த அழுத்தத்தில் சோதிக்கப்படுகிறது. கிணற்று நீச்சலுக்கு 100 மீட்டரே தாராளம். பழைய கடிகாரமானால் எண்ணைவிட ரப்பர் வளையத்தின் வயதே முக்கியம். மாற்றாத வளையமுள்ள 200 மீட்டர் கடிகாரத்தைவிட, புது வளையமிட்ட 50 மீட்டர் கடிகாரத்தை நான் நம்புவேன்.

அந்தத் தரக்குறியீட்டில் உள்ள ஒரு சோதனையை மாணவர்கள் வீட்டிலேயே ஏறக்குறையச் செய்து பார்க்கலாம். கடிகாரத்தை 40 பாகை அளவுக்கு வெதுவெதுப்பாக்குங்கள். கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிடுங்கள். சொட்டு இருந்த இடத்தில், கண்ணாடியின் உட்புறம் பனிபோல் படிந்திருந்தால் உள்ளே ஈரம் புகுந்துவிட்டது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லலாம்.